நடைபாதைக்கு மேல் பூசும் முன் அடியைப் பாருங்கள்

கேள்வி: கீழக்கரையில் கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு. திண்ணைப் படியிலிருந்து கேட் வரை 42 அடி நீளம், 4 அடி அகலத்தில் காங்கிரீட் நடைபாதை. 8 வருடத்துக்கு முன்பு 6 அடிக்கு ஒன்றாக 7 துண்டு போட்டார்கள். 3 அங்குலக் கனம். திண்ணையிலிருந்து எண்ணினால் 2-வது துண்டு குழாயடிப் பக்கம் ஒன்றே முக்கால் அங்குலம் இறங்கிவிட்டது. அங்கே தண்ணீர் நிற்கிறது. 3-க்கும் 4-க்கும் நடுவில் அரை அங்குல மேடு. 5-வது துண்டைப் பக்கத்தில் உள்ள பூவரசு தூக்கி இரண்டாக உடைத்துவிட்டது. ஸ்கூட்டர் ஏறும் 7-வது துண்டுக்கு மட்டும் கம்பி கட்டிப் போட்டோம். அதுதான் முதலில் கெட்டது. துருக்கோடு தெரிகிறது, சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. எல்லாவற்றையும் கொத்திவிட்டு மேலே ஒன்றரை அங்குலம் கலவை போட்டு மட்டம் பண்ணிவிடலாம் என்கிறார் கொத்தனார். போர் தண்ணீர் உப்பு. வாப்பாவுக்கு 74 வயது, ஊன்றுகோலோடு நடக்கிறார். கொத்தனார் சொல்வது சரியா, முழுவதையும் உடைத்துப் போட வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். 7 துண்டில் உடைக்க வேண்டியவை 5-ம் 7-ம் மட்டும்தான். 2-வதைத் தூக்கி நிறுத்தலாம். 3-க்கும் 4-க்கும் இடையே உள்ள மேட்டைத் தேய்த்தே சரிசெய்யலாம். மீதி மூன்றும் அப்படியே கிடக்கட்டும்.

ஒன்றரை அங்குலப் பூச்சை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 168 சதுர அடிக்கு ஒன்றரை அங்குலம் என்றால் 21 கன அடி கலவை. எடை 1,200 கிலோவுக்குக் குறையாது. மணல் அரித்து இறங்கிக்கொண்டிருக்கும் துண்டின் தலையில் இன்னும் பாரம் ஏற்றுகிறீர்கள். அடித்துண்டு அசைந்தால் பூச்சும் அதே இடத்தில் விரியும். வேர் தூக்குவதும் கம்பி துருப்பிடிப்பதும் பூச்சைப் பார்த்து நிற்கப்போவதில்லை. மெல்லிய கலவை வெயிலில் மேலே முதலில் காய்ந்து சுருங்கும், ஓரங்கள் அடியை விட்டு எழும்பும். ஒரு கோடை தாண்டியதும் தட்டிப் பார்த்தால் பொக்குச் சத்தம் கேட்கும். இன்னொன்றும் இருக்கிறது. பாதை ஒன்றரை அங்குலம் உயர்ந்தால் திண்ணையின் முதல் படி அந்த அளவுக்குக் குட்டையாகும். மற்றப் படிகள் 6 அங்குலமும் முதல் படி மட்டும் நாலரையும் என்றிருந்தால், ஊன்றுகோலோடு நடப்பவருக்கு அரை அங்குல மேட்டை விட அதுதான் ஆபத்து. கேட்டும் அடியில் உரசும்.

எது இறங்கியது, எது எழுந்தது

வேலைக்கு முன் ஒரு மணி நேரம் அளப்பதற்கு ஒதுக்குங்கள். இரண்டு துண்டுகளுக்கு நடுவில் மேடு தெரிகிறது என்றால் ஒன்று எழுந்திருக்கலாம், மற்றது இறங்கியிருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். திண்ணைப் படியிலிருந்து கேட் வாசல் வரை பாதையின் இரு ஓரத்திலும் நூல் பிடியுங்கள். நூல் தொய்யாமல் இருக்க நடுவில் ஒரு கல்லில் தாங்கலாம். ஒவ்வொரு இணைப்பிலும் நூலிலிருந்து காங்கிரீட் வரை எத்தனை அங்குலம் என்று அளந்து, சாக்பீஸால் அங்கேயே எழுதுங்கள். மொத்த வாட்டம் எந்தப் பக்கம் என்பதற்கு ட்யூப் லெவல் போதும். எண்களைப் பார்த்தவுடன் எந்தத் துண்டு வரிசையை விட்டு விலகியது என்று தெரிந்துவிடும். படியோ சுவரோ ஒட்டியிருக்கும் இடத்தில் பழைய காங்கிரீட்டின் கறைக்கோடு துண்டுக்கு மேலே தெரிந்தால் துண்டு இறங்கியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, கடப்பாரையின் மொட்டை நுனியால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் அடியில் தாங்கல் உண்டு. பொக்கென்று கேட்டால் வெற்றிடம். அந்த இடங்களையும் வட்டமிடுங்கள். இறங்காத துண்டின் ஓரத்திலும் பொக்குச் சத்தம் கேட்டால் அடுத்து இறங்கப்போவது அதுதான். பெருச்சாளி வளை இருக்கிறதா என்றும் ஓரத்தைப் பாருங்கள். மணற்பாங்கான இடத்தில் பாதைக்கு அடியில் அது ஓடி ஓடிக் குடைந்துவிடும்.

அடிமண்ணையும் சோதிக்க வேண்டும். கடலோரம் என்பதால் மணல்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். கண்மாய்க் கரம்பையைக் கொண்டுவந்து மேடு நிரப்பிய வீடுகள் இப்பகுதியில் நிறைய. ஓரத்தில் தோண்டிய மண்ணை ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் படியும். மறுநாளும் தண்ணீர் கலங்கியே இருந்து மேலே வழுவழுப்பான அடுக்கு படிந்தால் அது களி. களிமண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். அதன் மேல் போட்ட பாதை வருடம் ஒரு முறை ஏறி இறங்கும். களி என்றால், புதிதாகப் போடும் துண்டுகளுக்குக் கீழே ஒரு அடி ஆழத்துக்கு அதை எடுத்துவிட்டு கிராவல் நிரப்பினால்தான் உண்டு. மேற்கொண்டு நான் சொல்வதெல்லாம் மணல் என்று வைத்துத்தான்.

2-வது துண்டு: முதலில் தண்ணீர், பிறகு கடப்பாரை

குழாயடி பக்கத்தில் இருக்கும்போது காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. தொளதொளப்பான மணல், தண்ணீர் பட்டால் ஒன்றோடொன்று நெருங்கி இறங்கும். ஓடும் தண்ணீர் என்றால் மணலையே ஓரத்தின் வழியாக வெளியே கொண்டுபோய்விடும். கழுவுகிற தண்ணீருக்கு வழி செய்யாமல் துண்டை மட்டும் தூக்கினால் இரண்டு மழைக்காலத்துக்குள் பழையபடி ஆகும். குழாயடியில் ஒரு சிறு தொட்டி கட்டி, 3 அங்குல பி.வி.சி. குழாயில் 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் கொடுத்து தென்னம்பாத்திக்கு விட்டுவிடுங்கள். குழாய் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் பாதையோரம் விழுந்தால் அதையும் திருப்ப வேண்டும்.

துண்டு 6 கன அடி, எடை ஏறக்குறைய 400 கிலோ. ஒரு ஓரத்தை மட்டும் தூக்குவதற்கு அதில் பாதி. 5 அடிக் கடப்பாரை இரண்டு இருந்தால் நான்கு பேர் சிரமமில்லாமல் தூக்கலாம். விரிசல் இல்லாத துண்டுக்குத்தான் இந்த வழி.

முதலில் 1-க்கும் 2-க்கும், 2-க்கும் 3-க்கும் இடையே உள்ள இணைப்பை டைமண்ட் பிளேடு போட்ட கட்டர் மிஷினால் எட்டும் ஆழம் வரை அறுத்துவிடுங்கள். அறுபடாத மீதியை உளியால் விடுவியுங்கள். இதைச் செய்யாமல் தூக்கினால் ஓரம் பக்கத்துத் துண்டில் இடித்து மூலை சிதறும். இறங்கிய ஓரத்தில் ஒரு அடி அகலம், 8 அங்குல ஆழத்துக்கு வாய்க்கால் போல வெட்டுங்கள். கடப்பாரைக்குத் தாங்குகல்லாகக் கருங்கல் வையுங்கள், செங்கல் நொறுங்கும். ஒரே மூச்சில் தூக்காமல் அரை அங்குலம் தூக்கி, சப்பைக் கல் செருகி, மறுமுனைக்குப் போய் அங்கே அரை அங்குலம் என்று மாறி மாறி ஏற்றுங்கள். நூல் மட்டத்தை விடக் கால் அங்குலம் கூடுதலாக ஏற்றி நிறுத்தினால் அடிநிரப்பு அமுங்கிய பின் சரியாக வரும்.

நிரப்புவதற்கு வெறும் மணலைத் தள்ளாதீர்கள். கிரஷர் தூள் 10 பங்கு, சிமெண்ட் 1 பங்கு, கைப்பிடியில் உருண்டையாக நிற்கும் அளவு மட்டும் ஈரம். இதை மரக்கட்டையால் உள்ளே தள்ளித் தள்ளிக் குத்த வேண்டும். இரு பக்கமும் வெட்டவெளி என்றால் இரு பக்கமிருந்தும் 2 அடி ஆழத்துக்குக் கை எட்டும். அப்படியும் நடுப்பகுதியில் பொக்குச் சத்தம் மிச்சமிருந்தால் 2 அடிக்கு ஒன்றாக ஒன்றரை அங்குலத் துளை போட்டு, 1 சிமெண்டுக்கு 3 சலித்த எம்-சாண்ட் (கல்லை அரைத்து எடுக்கும் மணல்) கலந்து, ஊற்றினால் ஓடும் பதத்தில் புனல் வைத்து ஊற்றுங்கள். அதற்கு முன் ஓரங்களை மண்ணால் அணை கட்டி அடைக்காவிட்டால் அத்தனையும் வாய்க்காலில் வந்து நிற்கும். முழுவதையும் இந்தக் குழம்பாலேயே நிரப்ப நினைத்தால், ஓரத்தில் ஒன்றே முக்கால் அங்குலம் தொடங்கி மறு ஓரத்தில் ஒன்றுமில்லாமல் முடியும் ஆப்பு வடிவ இடைவெளிக்கு ஏறக்குறைய 2 கன அடி, அதாவது அரை மூட்டை சிமெண்ட் பிடிக்கும். சப்பைக் கற்களை எடுக்க வேண்டியதில்லை, உள்ளேயே இருக்கட்டும். மூன்று நாள் அதன் மேல் யாரும் நடக்க வேண்டாம்.

வெட்டிய வாய்க்காலைப் பழைய மணலால் மூடாமல் முக்கால் அங்குல ஜல்லி போட்டு நிரப்புங்கள். ஓரத்தில் விழும் தண்ணீர் மணலைக் கரைக்காமல் கீழே இறங்கிவிடும். பாதையின் முழு நீளத்துக்கும் இப்படி ஒரு ஜல்லி ஓரம் போட்டால், மீதித் துண்டுகளுக்கும் அதுவே பாதுகாப்பு.

அரை அங்குல மேடு

3-க்கும் 4-க்கும் நடுவில் உள்ளதற்கு உடைப்பும் வேண்டாம், பூச்சும் வேண்டாம். மிஷினில் டைமண்ட் கப் வீல் மாட்டி, உயர்ந்த பக்கத்தை விளிம்பிலிருந்து 6 அங்குலம் உள்ளே வரை சரிவாகத் தேயுங்கள். ஓர் அங்குலம் ஏற 12 அங்குலம் என்ற சரிவு அது, ஊன்றுகோல் இடறாது. அரை அங்குலத்துக்கு மேல் தேய்க்காதீர்கள். 3 அங்குலத் துண்டில் அதற்கு மேல் எடுத்தால் விளிம்பு பலவீனமாகும். தண்ணீர் தெளித்துக்கொண்டே தேய்க்க வேண்டும், முகமூடி கட்டாயம்; காங்கிரீட் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீரும் மின்சாரமும் சேரும் வேலை, ஆகவே கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் இணைப்பு எடுக்க வேண்டும்.

5-வது துண்டு: பூவரசோடு சண்டை வேண்டாம்

வேரை வெட்டிவிட்டு அதே இடத்தில் மறுபடி காங்கிரீட் போடுவதுதான் வழக்கம். வேர் திரும்பி வரும், அதுவும் சீக்கிரம். தடித்த வேரை வெட்டினால் வாடைக்காற்றுக் காலத்தில் மரம் வீட்டுப் பக்கம் சாயும் ஆபத்து வேறு. 2 அங்குலத்துக்கு மேல் தடித்த வேரைத் தொடாதீர்கள். தூரின் விட்டம் ஒரு அடி என்றால் தூரிலிருந்து 3 அடிக்குள் எந்த வேரையும் வெட்டாதீர்கள். (பூவரசு, வேம்பு போன்றவற்றின் வேர் வருடா வருடம் பருக்கும். தென்னையும் பனையும் அப்படியல்ல. அவற்றின் வேர் ஒரே கனத்தில் நிற்பதால் துண்டைத் தூக்குவது அரிது. பாதையோரத் தென்னை மேல் பழி போடும் முன் தோண்டிப் பாருங்கள்.)

இந்த 24 சதுர அடிக்கு மட்டும் காங்கிரீட்டை விட்டுவிட்டு 60 மில்லிமீட்டர் பேவர் பிளாக் பதித்துவிடுங்கள். பழைய துண்டை எடுத்தபின் வேரின் மேல் முக்கால் ஜல்லி 4 அங்குலம், அதன் மேல் ஓர் அங்குலம் கால் அங்குலச் சிப்ஸ், அதன் மேல் பிளாக். கிரஷர் தூள் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வேர் அங்கேதான் தேடிப் போகும். அதனால்தான் இங்கே தூளுக்குப் பதில் சிப்ஸ். தூர்ப் பக்கம் தவிர மற்ற ஓரத்தில் கெர்ப் கல் நட்டு அடியில் கொஞ்சம் காங்கிரீட் கொடுக்காவிட்டால் பிளாக் பக்கவாட்டில் நகர்ந்து பிளந்துகொண்டு போகும். நாலைந்து வருடத்தில் வேர் மறுபடி தூக்கினால் பத்துப் பிளாக்கைப் பெயர்த்து, சிப்ஸைக் குறைத்து, திரும்பப் பதிப்பது ஒரு காலை வேலை.

7-வது துண்டு: கம்பி இல்லாமல் போடுங்கள்

கம்பி கட்டிய துண்டு மட்டும் முதலில் கெட்டது தற்செயல் அல்ல. கம்பி துருவாக மாறும்போது தன் பருமனைப் போல 2 முதல் 6 மடங்கு வரை வீங்கும். சுற்றியுள்ள காங்கிரீட் அந்த நெருக்கத்தைத் தாங்காமல் பிளக்கிறது. சிமெண்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கும். அந்தக் காப்பை உடைப்பது குளோரைடு, அதாவது கடல் உப்பு. அது கலவைத் தண்ணீரிலும் மணலிலும் முதல் நாளே வந்திருக்கலாம், கீழிருந்து ஊறி ஏறியிருக்கலாம், காற்றில் வந்தும் படியும். 3 அங்குலத் துண்டின் நடுவில் கம்பி வைத்தால் மேலும் கீழும் ஓர் அங்குலச் சொச்சம்தான் மூடல். கடற்கரைக்கு அது போதாது. பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் புதுக்கலவை வைத்தால், ஒட்டுக்குப் பக்கத்தில் உப்பேறிய பழைய காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி முன்பை விட வேகமாகத் துருப்பிடிக்கும். அதனால்தான் முழுத் துண்டையும் எடுக்கச் சொல்கிறேன்.

ஸ்கூட்டருக்குக் கம்பி தேவையே இல்லை. நன்றாக அமுக்கிய அடித்தளத்தில் 5 அங்குலக் கனம், நெருக்கமான இணைப்பு, நல்ல கலவை இருந்தால் போதும். விரிசல் பயம் இருந்தால் பாலிப்ராப்பிலீன் நார் பாக்கெட்டை, மூட்டைக்கு 125 கிராம் கணக்கில் கலக்கலாம். அது ஈரக் காங்கிரீட் காயும்போது வரும் மெல்லிய கீறலைத்தான் தடுக்கும். அடித்தளம் இறங்கினால் அதனால் ஒன்றும் ஆகாது.

6-க்கும் 7-க்கும் இடையே இணைப்பை அறுத்துவிட்டு, கேட் பக்க ஓரத்திலிருந்து சம்மட்டியால் உடைத்து வாருங்கள். நடுவில் அடித்தால் அதிர்வு 6-வதற்குப் போகும். பாதையின் மேல்மட்டத்திலிருந்து 9 அங்குலம் தோண்டுங்கள்: 4 அங்குலம் அடித்தளம், 5 அங்குலம் காங்கிரீட். அடி மணலில் தாராளமாகத் தண்ணீர் விட்டு, வடிந்ததும் திமிசுக்கட்டையால் இடியுங்கள். மேலே கிராவலும் கிரஷர் தூளும் கலந்து, இரண்டு அடுக்காக, ஒவ்வோர் அடுக்கையும் ஈரப்படுத்தி இடிக்க வேண்டும். உதிரியாக 10 கன அடி வாங்கினால் அமுங்கி 8 கன அடி கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பியைக் கையால் குத்தினால் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. பேவர் பிளாக் பதிப்பவர்களிடம் அதிர்வு அமுக்கி இருக்கும். 5-வது துண்டுக்கு அவர்கள் வரும் அன்றே இதையும் முடித்துக்கொள்ளலாம்.

பழைய வீடு இடித்த பவளக்கல்லை அடித்தளத்தில் போடாதீர்கள். கீழக்கரையில் அது ஓரமாகக் குவிந்து கிடக்கும், கொத்தனாருக்கும் கை அரிக்கும். கல் முழுக்கத் துளை, துளை முழுக்க உப்பு.

அடித்தளத்தின் மேல் 250 மைக்ரான் பாலித்தீன் தாள் விரியுங்கள். கடைகளில் 1000 கேஜ் என்பார்கள். கீழே இருந்து உப்பு ஈரம் ஊறுவதையும், சிமெண்ட் பால் மணலுக்குள் இறங்குவதையும் அது தடுக்கும். 6-வது துண்டு பக்கம் கடைசி ஒரு அடியில் மட்டும் காங்கிரீட்டை 7 அங்குலக் கனமாக்குங்கள். மற்ற ஊர்களில் இரண்டு துண்டையும் இணைக்கக் கம்பிக்குச்சி செருகுவார்கள். உங்களுக்கு அந்தத் தடித்த ஓரமே போதும்.

கலவையில் பேரம் பேசாதீர்கள்

1 சிமெண்ட், ஒன்றரை மணல், 3 ஜல்லி. எம்20 என்று சொல்லும் கலவை இதுதான். உப்புக்காற்றுள்ள இடத்தில் கம்பியில்லாத காங்கிரீட்டுக்குக் கூட இதற்குக் கீழே போகக் கூடாது. சிமெண்ட் ஒரு மூட்டை என்றால் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் மணல் தலை தட்டி இரண்டரை வாளி, முக்கால் ஜல்லி 5 வாளி. மணல் ஈரமாக இருந்தால் உப்பிக் காட்டும், அரை வாளி கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு மூட்டைக்கு 4.4 கன அடி காங்கிரீட் கிடைக்கும். உங்கள் துண்டுக்கு 10 கன அடியும் தடித்த ஓரத்துக்குக் கொஞ்சமும் சேர்த்தால் இரண்டரை மூட்டை. சேதாரத்துக்கும் சேர்த்து 3 மூட்டையாக வாங்குங்கள்.

சிமெண்ட் பி.பி.சி. (நிலக்கரிச் சாம்பல் கலந்தது) போதும். ஸ்லாக் சிமெண்ட் (இரும்பு உலைக் கசடு கலந்தது) கிடைத்தால் குளோரைடுக்கு இன்னும் நல்லது. கடலோரம் என்றால் சல்ஃபேட் தாங்கும் சிமெண்ட் என்று சிலர் சொல்வார்கள். அது குளோரைடைக் கட்டிவைக்கும் திறன் குறைந்தது, கம்பியுள்ள வேலைக்குப் பொருந்தாது. மூட்டையில் அச்சிட்ட வாரமும் வருடமும் பார்த்து மூன்று மாதத்துக்குள் உள்ளதை எடுங்கள். நம் ஊர்க் காற்றுக்குப் பழைய மூட்டை கட்டி தட்டியிருக்கும்.

எம்-சாண்டில் பூச்சுக்கு வரும் பி-சாண்டை வாங்கிவிடாதீர்கள். பொடி அதிகம், தண்ணீர் குடிக்கும். கடற்கரை மணல் சட்டப்படியும் எடுக்கக் கூடாது, வேலைக்கும் ஆகாது.

இனித் தண்ணீர். காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 (2000)-இன்படி கலவைத் தண்ணீரில் குளோரைடு, கம்பியில்லாத காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரை இருக்கலாம். கம்பியுள்ளதற்கு 500 தான். கடல்நீரில் அது ஏறத்தாழ 19,000. உங்கள் போர் தண்ணீரை ஆர்.ஓ. மெக்கானிக்கிடம் உள்ள டி.டி.எஸ். மீட்டரில் (கரைந்த உப்புகளை அளப்பது) பாருங்கள். 800-க்குள் இருந்தால் குளோரைடு அநேகமாக 500-ஐத் தாண்டாது. பல ஆயிரம் காட்டினால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் குளோரைடு மட்டும் பார்க்கச் சொல்லலாம். ஆனால் இரண்டரை மூட்டைக்கு வேண்டியது 60 லிட்டர் சொச்சம், நாலைந்து குடம்தான். காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் செலவு அதை விட அதிகம்.

மூட்டைக்கு 25 லிட்டர், மணலின் ஈரமும் அதற்குள். கொத்தனார்கள் கரண்டி சுகமாக ஓட 35, 40 லிட்டர் ஊற்றுவார்கள். கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் துளையாக நிற்கும், உப்பு ஏறுவது அந்த வழியில்தான். கலவை முரடாக இருந்தால் மூட்டைக்கு 100 முதல் 200 மில்லி பிளாஸ்டிசைசர் ஊற்றுங்கள், தண்ணீரைக் கூட்டாதீர்கள். வாளியில் அளந்து வைத்துவிட்டு ஓஸ் குழாயை அந்தப் பக்கமே வராமல் பார்த்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

போடும்போதும் போட்ட பிறகும்

காலை வெயில் ஏறும் முன் அல்லது மாலை 4 மணிக்கு மேல் போடுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது போட்டால் மேல்தளம் ஒரு மணி நேரத்தில் காய்ந்து கீறும். தவிர்க்க முடியாவிட்டால் காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள். மழை விட்டு மண் இறுகிய தை, மாசி, பங்குனிதான் இந்த வேலைக்கு நல்ல காலம்.

4 அடி அகலத்துக்கு ஓர் அங்குலம் பக்கவாட்டு வாட்டம், குழாயடியும் வீடும் இல்லாத பக்கமாக. மூலைகளைக் கம்பியால் குத்தி, மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டை போட்டு, தண்ணீர் மினுமினுப்பு மறைந்ததும் தென்னை விளக்குமாற்றைக் குறுக்காக இழுத்து வரி போடுங்கள். மேலே வெறும் சிமெண்டைத் தூவி வழுவழுப்பாக்க விடாதீர்கள். அந்த மேல்தோல்தான் முதலில் உரியும், மழையில் வழுக்கவும் செய்யும். 6 அடியின் நடுவில், அதாவது 3 அடியில், ஓர் இணைப்புக்கோடு ஒன்றேகால் அங்குல ஆழத்துக்கு வேண்டும். ஈரத்திலேயே பட்டையால் அழுத்தலாம், அல்லது மறுநாள் காலைக்குள் அறுத்துவிட வேண்டும். தாமதித்தால் காங்கிரீட் தானே ஓர் இடத்தில் பிளந்துகொள்ளும், அது நேர்க்கோடாக இருக்காது. கேட் தூணை ஒட்டி அரை அங்குலத் தெர்மோகோல் வைத்துப் பிரித்துவிடுங்கள்.

14 நாள் ஈரம். விதி பொதுவாக 7 நாள் என்கிறது. வெயில் காயும் இடத்துக்குக் குறைந்தது 10, பி.பி.சி., ஸ்லாக் போன்ற கலப்புச் சிமெண்டுக்கு 14. சணல் சாக்கை நனைத்து விரித்து, மேலே பாலித்தீன் மூடி, ஓரங்களில் கல் வைத்தால் நாளுக்கு இரண்டு குடத்தில் முடியும். இதற்கும் போர் தண்ணீர் வேண்டாம். உப்பு மேலேயே தங்கும்.

3-வது, 6-வது துண்டுகளில் மூலை சிதைந்திருந்தால் மட்டும் ஒட்டு வேலை செய்யுங்கள். சிதைந்த இடத்தைச் சுற்றி அரை அங்குல ஆழத்துக்கு நேராக அறுத்து உள்ளே கொத்தி எடுங்கள். ஓரம் கூர்மையாக நிற்காமல் சரிந்து மெலிந்தால் ஒட்டு அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். நன்னீரில் கழுவி, எஸ்.பி.ஆர். லேட்டக்ஸ் (ஒட்டுப் பிடிக்க உதவும் ரப்பர் பால்) கலந்த சிமெண்ட் பாலைத் தேய்த்து, அது காயும் முன் 1:3 கலவையையும் அதே லேட்டக்ஸோடு அழுத்தி வையுங்கள். அளவு டப்பாவில் எழுதியிருக்கும். பால் காய்ந்துவிட்டால் அது பிசின் அல்ல, ஒட்டவிடாத தாள். சுரண்டிவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். பழைய காங்கிரீட்டைச் சுத்தம் செய்ய ஆசிட் ஊற்றுவார்கள். அதுவும் குளோரைடுதான், ஊற்ற விடாதீர்கள்.

புதிய துண்டில் மறுநாளிலிருந்து மெதுவாக நடக்கலாம். வாப்பாவை அந்த 14 நாளும் வேறு வழியாக அழைத்துப் போங்கள். ஈரச் சாக்கும் பாலித்தீனும் ஊன்றுகோலுக்கு ஆகாது. ஸ்கூட்டர் 14 நாள் கழித்து. 28 நாள் முடிந்து இணைப்புகள் நன்றாகக் காய்ந்ததும், அறுத்த இணைப்புகளிலெல்லாம் நுரைக்கயிறு திணித்து மேலே பாலியூரித்தேன் சீலன்ட் அடையுங்கள். இணைப்பு அரை அங்குல அகலம் என்றால் சீலன்ட் கால் அங்குல ஆழம் போதும். ஈரத்தோடு அடைத்தால் அது பக்கச்சுவரில் பிடிக்காது, முதல் மழையிலேயே கயிறாக உரிந்து வரும்.